கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கைவினைப் பாண்டங்கள் விற்கும் கண்காட்சியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். யாராவது ஒரு நீலக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன பெயிண்ட்டுங்க? கழுவினா போயிடாதே?” என்பார்கள். கேட்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் பார்த்து வளர்ந்த மண் உருவங்கள் அப்படித்தான் இருந்தன. கொலு பொம்மைக்குச் சுட்ட பிறகுதான் வண்ணம் தீட்டுகிறார்கள். ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரைக்கும் சூளையை விட்டு வந்த பிறகுதான் சாயம். அதனால் முதலில் வனைவது, பிறகு சுட்டுக் கெட்டியாக்குவது, கடைசியில் மேலே நிறம் பூசுவது என்று ஒரு வரிசை நம் மனத்தில் பதிந்துவிட்டது.

ஸ்டூடியோ பாட்டரி என்பது, ஒரு கலைஞர் தன் பட்டறையில் மண் பிசைவதிலிருந்து சூளையைத் திறப்பது வரை தானே முன்னின்று செய்கிற பாண்டம். அதற்கு இந்த வரிசை பொருந்தாது. அதில் நிறம் சூளைக்குள்தான் பிறக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால், ஒரு கோப்பைக்கு ஏன் இந்த விலை, ஒரே மாதிரி இரண்டு ஏன் கிடைப்பதில்லை, வாங்கும்போது எங்கே பார்ப்பது என்று மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அவசரமில்லை, டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு காலிக் கோப்பையை எடுத்துக் கவிழ்ப்போம். உள்ளும் புறமும் வழவழவென்று கருஞ்சிவப்பாக இருக்கிறது. விளிம்பில் மட்டும் அந்தக் கருமை விலகித் துருப்பழுப்பு தெரிகிறது. அடிப்பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. கீழே ஒரு வளையம், அதன்மேல் கோப்பை நிற்கிறது. அந்த வளையத்தில் பளபளப்பே இல்லை, வெறும் சுட்ட மண், விரலுக்குச் சொரசொரக்கிறது. பளபளப்பு வளையத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடுகிறது. நிற்கும் இடத்தில் அது சற்றுத் தடித்து, மேடு கட்டியிருக்கிறது. ஓரிடத்தில் ஒரு துளி கீழே இறங்கப் பார்த்து உறைந்திருக்கிறது.

பெயிண்ட்டாக இருந்தால் அடியிலும் பூசியிருக்கலாமே, என்ன தடை? தடை இதுதான்: அந்தப் பளபளப்பு சூளைக்குள் இருந்தபோது உருகிய கண்ணாடி. வளையத்தின் மேலும் அது இருந்திருந்தால் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிப்போயிருக்கும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் சுடுவதற்கு முன் அடியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வெறுமையாக்குகிறார்கள். இந்தக் கண்ணாடிப் படலத்துக்குத் தொழிலில் கிளேஸ் என்று பெயர். கழுவினால் போகுமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கண்ணாடி டம்ளரைக் கழுவினால் கண்ணாடி போகுமா?

கண்ணாடியின் பெரும்பகுதி மணலில் உள்ள சிலிக்கா. ஆனால் வெறும் சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். கலைஞரின் சூளையோ பெரும்பாலும் 1,300க்குள் நின்றுவிடும். அந்தச் சூட்டிலேயே உருக வைக்க, சிலிக்காவோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லின் தூளையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்க்கிறார்கள், சிலர் விறகுச் சாம்பலையும். உருக்கத்துக்கு உதவும் இவற்றுக்கு ஃப்ளக்ஸ் என்று பெயர். உருகியது தண்ணீராக ஓடிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். அந்தப் பிடிமானத்தைத் தருவது அலுமினா. அது களிமண்ணிலேயே இருக்கிறது என்பதால் கிளேஸ் வாளியில் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணும் போகும். ஆக, நாம் வியந்து பார்க்கிற அந்தப் படலம் கல், சுண்ணாம்பு, மணல், மண். அவ்வளவுதான்.

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பதத்துக்கு முன்னால் இறக்கினால் ஒரு தொல்லை, பின்னால் இறக்கினால் வேறொரு தொல்லை. கிளேஸும் அப்படியொரு பாகுதான். சூடு போதாவிட்டால் மங்கலாக, கரகரப்பாக நிற்கும். மிஞ்சினால் சுவரில் வழிந்து தட்டில் ஒட்டும். கோப்பையின் அடியில் பார்த்த அந்தத் தடித்த மேடும் துளியும், பாகு ஓடத் தொடங்கிய நேரத்தில் சூளை அணைக்கப்பட்டதன் தடயம். வெல்லப்பாகென்றால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துவிடலாம். 1,280 டிகிரியில் எரியும் சூளைக்குள் யார் கையை விடுவது?

அதற்குத்தான் கோன் என்ற சிறு கூம்புகள். விரல் நீளம் இருக்கும். கிளேஸில் சேர்வது போன்ற பொருள்களால் செய்தவைதான். வேறு வேறு எண்ணுள்ள கூம்புகளைப் பாண்டங்களுக்கு நடுவே நிறுத்திவைப்பார்கள். சூளைச் சுவரிலுள்ள துளை வழியே அவை தெரியும். ஒவ்வொன்றும் தன் பதம் வந்ததும் தலை சாயும். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886இல் இதை முறைப்படுத்தினார். வெப்பமானி அந்த நேரத்துச் சூட்டை மட்டும் சொல்லும். எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் நின்று என்ன வேலை செய்தது என்பதைக் கூம்பு சொல்லும். பாட்டரிக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது டிகிரியைச் சொல்லாமல் ‘கோன் ஆறு’, ‘கோன் பத்து’ என்பது இதனால்தான். கோன் பத்து என்றால் ஏறக்குறைய 1,300 டிகிரி.

ஒரு படி பின்னால் போவோம். கிளேஸ் ஏறுவதற்கு முன்பே பாண்டம் ஒருமுறை சூளைக்குள் போய் வந்திருக்கிறது. சக்கரத்தில் வனைந்ததைப் பாதி காயவிட்டு, கவிழ்த்து, அடியைச் செதுக்கி வளையம் எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு 900 முதல் 1,000 டிகிரி வரை சுடுகிறார்கள். வெறுமனே காய்ந்த மண்ணை வாளித் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். சுட்ட மண் ஆகாது. 450 டிகிரியைத் தாண்டும்போது மண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது, அதன்பின் திரும்பும் வழி கிடையாது. 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும். அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் விரிசல். இப்படி முதல்முறை சுட்டதை பிஸ்க் என்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சும். கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால், நீரை அது உறிஞ்சிக்கொள்ள, தூள் மேலே படலமாகப் படிந்துவிடும்.

நம் ஊர் மண்பானை ஏறக்குறைய இந்தக் கட்டத்திலேயே நிற்கிறது. அது குறை என்று நினைத்துவிடக் கூடாது, அந்த நுண்துளைகள்தான் அதன் பலம். தண்ணீர் கசிந்து ஆவியாவதால் பானை குளிர்கிறது. மீன்குழம்புச் சட்டி அடுப்பின் நெருப்பைத் தாங்குவதும் அந்தத் தளர்வான உடம்பால்தான். ஸ்டோன்வேர் எனப்படும் ஸ்டூடியோ பாண்டத்தை 1,200க்கு மேல் மறுபடி சுடுகிறார்கள். அதில் கிளேஸோடு மண்ணும் ஓரளவு உருகி இறுகிவிடுகிறது. வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த இனம். உப்பும் புளிப்பும் அதற்குள் இறங்காது. ஆனால் அதை அடுப்பில் வைத்தால் வெடிக்கும். அதிகச் சூட்டில் சுட்டதுதான் அதிகச் சூட்டைத் தாங்கும் என்று தோன்றும். அடுப்பு விஷயத்தில் அது நேர்மாறு.

இனி நிறத்துக்கு வருவோம். சொல்ல வந்ததே இதைத்தான். கிளேஸ் வாளிகள் வரிசையாக இருக்கும் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு வாளியில் சாம்பல்வெள்ளைக் குழம்பு, அடுத்ததில் செங்கல்பொடி நிறம், இன்னொன்றில் மோர் நிறத்தில் லேசான பச்சை. அந்தச் சாம்பல்வெள்ளை, வெளியே வரும்போது கடல்பச்சை. செங்கல்பொடி வரும்போது கருமை. இளம்பச்சையோ, சூளை ஒத்துழைத்தால், இரத்தச் சிவப்பு! பெயிண்ட் அடிப்பவருக்குத் தான் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். இவர் நினைவையும் குறிப்பேட்டையும் நம்பி, கண்ணில் தெரியாத நிறத்தில் முக்கி எடுக்கிறார். முந்தைய சூளைகளில் சுட்டு வைத்த சிறு சிறு மாதிரிச் சில்லுகள் பட்டறைச் சுவர்களில் வரிசையாகத் தொங்குவது அலங்காரத்துக்காக இல்லை. அவைதான் அவருடைய கண்.

நிறத்தைத் தருபவை உலோகங்கள், அதுவும் மிகச் சிறு அளவில். இரும்பை எடுத்துக்கொள்வோம். கிளேஸில் இரும்பு ஆக்சைடு 1 அல்லது 2 சதவீதம் இருந்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் செலடன் என்ற நீலப்பச்சை. அதே இரும்பு 8, 10 சதவீதம் ஆனால் டென்மோகு என்ற கருநிறம். நாம் கவிழ்த்துப் பார்த்த கோப்பை டென்மோகு வகை. விளிம்பில் உருகிய கிளேஸ் கீழே இறங்கி மெலிந்துவிடுவதால் அங்கே மட்டும் பழுப்பு தெரிகிறது. யாரும் தூரிகையால் விளிம்பு கட்டவில்லை.

காற்றைக் குறைப்பது என்றேன், அது முக்கியம். எரிபொருளை மிகுத்து, காற்று வழியைச் சுருக்கினால் தீ மூச்சுத் திணறும். முழுக்க எரியப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது பாண்டத்தில் உள்ள உலோக ஆக்சைடுகளிடமிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சிவந்த இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து வேறொரு ஆக்சைடாக மாற, நிறமும் மாறுகிறது. இதை ரிடக்‌ஷன் என்கிறார்கள். சொல் புதிதாக இருக்கலாம், சங்கதி நமக்குப் பழையது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உள்ளேயும் வாய்ப்பகுதியிலும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாதி சிவப்பு. பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டார்கள் என்பதும், காற்றுப் படாத பகுதி கறுத்தது, பட்ட பகுதி சிவந்தது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதில் கிளேஸ் இல்லை. ஆனால் ஒரே மண், ஒரே சூளை, காற்றை வைத்து இரண்டு நிறம் என்ற கணக்கு அந்தக் குயவர்களின் கையில் இருந்திருக்கிறது.

செம்பு இன்னும் விளையாட்டுக்காட்டும். காற்றோட்டமான சூளையில் பச்சை. காற்றைக் குறைத்தால் சிவப்பு, ஆனால் கொஞ்சம் பிசகினாலும் சாம்பலாகவோ வெளிறியோ நின்றுவிடும். சோடா மிகுந்த கிளேஸில் காற்றோடு சுட்டால் மயில்கழுத்து நீலம். இந்தியாவில் ஸ்டூடியோ பாட்டரியின் முன்னோடியான குர்சரண் சிங்கின் டெல்லி புளூ பாட்டரி பெயர் வாங்கியது இந்த நீலத்தால்தான். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் பயின்று, ஆங்கிலேயப் பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சோடும் பழகியவர் அவர். தொழிற்சாலைப் பீங்கான்தான் முன்னேற்றம் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், கையால் வனைந்த பாண்டத்துக்கு இந்த நாட்டில் மறுபடி மதிப்பு தேடித்தந்தவர்.

நமக்குப் பக்கத்திலுள்ள கதை புதுச்சேரியில் இருக்கிறது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசனில் பயின்றவர். பிசன் பாண்டங்களுக்குக் கிளேஸ் பூசுவதே கிடையாது. நாள்கணக்கில் எரியும் விறகின் சாம்பல் தீயோடு பறந்து பாண்டத்தின் தோளில் படிந்து, அங்கேயே உருகிக் கண்ணாடியாகும். சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாஷும் ஃப்ளக்ஸ் வேலையைச் செய்கின்றன. மரத்துக்கு மரம் சாம்பல் மாறும், கண்ணாடியும் மாறும். உமிச் சாம்பல் இதற்கு நேரெதிர். அது பெரும்பாலும் சிலிக்கா என்பதால் கிளேஸைப் பால் கலந்ததுபோல் வெளுப்பாக்கும். கோல்டன் பிரிட்ஜில் பயின்றவர்கள் நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்தியாவில் நல்ல ஸ்டோன்வேர் ஒன்றைக் கையில் எடுத்து அதைச் செய்தவர் யாரிடம் கற்றார் என்று விசாரித்துக்கொண்டே போனால், புதுச்சேரியில் போய் நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்று கடைகளில் சொல்வதன் வேரும் அங்கேதான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின் விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மண்ணுக்கா இவ்வளவு என்றால், மண்ணின் விலை அதில் மிகச் சிறிய பங்கு. இரண்டு முறை சுடும் எரிபொருள், மாதிரிச் சில்லுகள், தட்டில் ஒட்டியவை, விரிந்தவை, நிறம் வராதவை என்று எல்லாவற்றின் செலவையும் தேறி வந்த கோப்பைகள்தாம் சுமக்க வேண்டும். அணைத்த பிறகும் சூளை ஆற ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ஆசைப்பட்டு முன்கூட்டியே திறந்தால் குளிர்காற்று பட்டே பாண்டம் விரியும்.

சரி, வாங்க ஆசை வந்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் கோப்பையிலிருந்து. பெரிய பூச்சாடி அலமாரியில் உட்கார்ந்துவிடும். கோப்பை தினமும் கைக்கும் உதட்டுக்கும் வரும், குறைநிறை பத்து நாளில் தெரிந்துவிடும். முதலில் தூக்கிப் பாருங்கள். கண் எதிர்பார்த்த எடையும் கை உணரும் எடையும் ஒத்துப்போனால் சுவரும் அடியும் அளவாக வனையப்பட்டிருக்கின்றன. பிறகு கவிழ்த்து வளையத்தைப் பாருங்கள். செதுக்கியதில் ஒரு தீர்மானம் தெரிகிறதா, மேசையைக் கீறாதபடி தேய்த்துவிட்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். அவசரக்காரர்கள் அகப்படுவது அங்கேதான். மூடியுள்ள ஜாடியென்றால் மூடியைச் சுற்றிப் பாருங்கள். ஈர மண்ணிலிருந்து முடிவு வரை ஸ்டோன்வேர் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அத்தனை சுருக்கத்துக்குப் பிறகும் மூடி தடங்கலில்லாமல் அமர்கிறதென்றால் அது தேர்ந்த கை.

ஒரே கிளேஸில் இரண்டு கோப்பை ஒத்துவரவில்லை என்று கடையில் சிலர் வருத்தப்படுவார்கள். நான் அப்படிப்பட்ட இரண்டையும் சேர்த்தே வாங்கச் சொல்வேன். ஒன்று சூளையில் தீ நேராகப் பட்ட இடத்தில் இருந்திருக்கும், மற்றது மறைவில். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சூளைக்குள் தீ எப்படிப் போனது என்பதே தெரியும். செய்தவர் அருகில் இருந்தால் எந்தச் சூளை, என்ன விறகு, எங்கே வைத்துச் சுட்டது என்று கேளுங்கள். மகிழ்ந்துபோய்ச் சொல்வார்கள்.

பெயரைத் தேடி வாங்குவது பற்றியும் ஒன்று. 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் லீச் தொடங்கிய பட்டறையில் இரண்டு விதமாக முத்திரை குத்தினார்கள். பட்டறையில் பலர் சேர்ந்து செய்த அன்றாடப் பாண்டங்களுக்குப் பட்டறை முத்திரை மட்டும். லீச் தானே செய்தவற்றுக்கு அவருடைய முத்திரையும் உண்டு. இன்று ஏலங்களில் இந்த வித்தியாசத்துக்குத்தான் பெரும் பணம். அவரோடு செயின்ட் ஐவ்ஸுக்கு வந்த ஷோஜி ஹமாதாவோ, ஜப்பான் திரும்பி மஷிகோவில் குடியேறிய பின் பாண்டத்தில் பெயரே போடவில்லை. தொடக்கத்தில் ஹமாதா பக்கம் நிற்பது நல்லது. முத்திரையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த சில மாதங்களில் சிலர் கவலையோடு காட்டுவது ஒன்று உண்டு: கோப்பைக்குள் மயிரிழை வலையாகக் கோடுகள், டீக்கறை ஏறி நன்றாகத் தெரியும். ஆறும்போது கிளேஸ் தன் கீழுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு இப்படி வெடிக்கும். கிரேஸிங் என்று பெயர். சீனத்தில் சோங் காலத்துக் குவான் பாண்டங்களில் இதை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். பூச்சாடியில் அது அழகு. ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தில், அடியிலுள்ள மண் நன்றாக இறுகியிருந்தால் மட்டுமே ஏற்கலாம். தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஒரு தாளின்மேல் வைத்து, காலையில் தாள் ஈரமாகியிருந்தால் அந்தக் கோப்பை கசிகிறது.

புளிப்புக்கும் ஒரு சோதனை உண்டு. நாம் புளியும் எலுமிச்சையும் தயிரும் இல்லாமல் சாப்பிடுவதில்லை என்பதால் இதைச் செய்துவிடுவது நல்லது. எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கிளேஸின் மேல் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். காலையில் அந்த இடம் நிறம் மாறியோ மங்கியோ இருந்தால் அந்தக் கண்ணாடி சரியாகக் கட்டவில்லை. உலோகம் புளிப்பில் கரைகிறது. செம்புப் பச்சைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஈயம் இருக்கிறதா என்பதை எலுமிச்சை காட்டிக்கொடுக்காது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். 1,200க்கு மேல் சுடும் ஸ்டோன்வேர் கிளேஸுக்கு ஈயம் தேவையே இல்லை. குறைந்த சூட்டில் சுட்டு, மிகையாகப் பளபளக்கிற, யார் செய்தது என்று தெரியாத பாண்டத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். அப்படியொன்று பிடித்துப்போனால் தாராளமாக வாங்குங்கள், சாவிக்கொத்தும் சில்லறையும் போட்டுவைக்க நன்றாக இருக்கும். சட்னிக்கு மட்டும் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.